பச்சை உருண்டையில் மூன்று துளை

மரக்கடைசல் பட்டறை நடத்திய அந்தப் பெண்ணுக்கு மில்லி என்ற பேரை வாங்கிக் கொடுத்தது அவள் வாய்தான். கட்டில் கால் கேட்டு வருகிறவர்கள் கையை விரித்துக் காட்டி, "ஏறக்குறைய இவ்வளவு உசரம் இருக்கட்டும்" என்றால், "ஏறக்குறையன்னா எத்தனை மில்லி?" என்று கேட்பாள். வந்தவர் சிரிப்பார். அவள் அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு பதிலுக்காகக் காத்திருப்பாள். வெளியூரில் பாலம் கட்டும் வேலையில் இருந்த கணவன்கூட ஃபோனில் அவளை மில்லி என்றுதான் கூப்பிட்டான்.

பட்டறையில் ஆள் இரண்டே பேர். லேத்தும் துளை போடும் எந்திரமும் மில்லியின் கையில். வர்ணமும் வார்னிஷும் அவள் நாத்தனார் பொறுப்பு. நாத்தனார் கணவனின் தங்கை. கைக்கு எவ்வளவு பொறுமையோ வாய்க்கு அவ்வளவு அவசரம். பூசுகிற தூரிகை நிதானமாகப் போய்க்கொண்டிருக்கும், வாய் அதற்குள் நாலு பேரைக் குறை சொல்லி முடித்திருக்கும்.

ஒரு கல்லூரி வேதியியல் ஆய்வகத்திலிருந்து அவர்களுக்கு ஒரு வேலை வந்தது. மூலக்கூறு மாதிரிகள் செய்ய வேண்டும். நாற்பது மில்லி குறுக்களவுள்ள மர உருண்டைகள், அவற்றில் துளைகள், துளைகளில் செருகக் குச்சிகள், குச்சி முனையில் சின்ன உருண்டைகள். இருபத்துநாலு பெட்டி. ஒவ்வொரு பெட்டியிலும் எட்டு மூலக்கூறு. எந்த உருண்டைக்கு எத்தனை துளை, துளைக்கும் துளைக்கும் நடுவே எத்தனை பாகை, என்ன நிறம் என்று ஒரே தாளில் எழுதியிருந்தது. தாளைக் கொண்டுவந்தவர் ஆய்வகப் பொறுப்பாளர். மில்லியின் வயதுதான் இருக்கும். சட்டைப் பையில் மூன்று பேனா, எதற்கும் மூடி இல்லை.

"புதன்கிழமை காலேஜ் திறக்குது. திங்களுக்குள்ள பெட்டி வந்துடணும்" என்றார்.

"துல்லியமா இருக்கணுமா, சுமாரா இருந்தா போதுமா?"

"இது எலக்ட்ரான் சமாசாரம்மா. சுமாரெல்லாம் ஆகாது."

அந்த ஒரு வார்த்தையிலேயே அவரை அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

ஆனால் முதல் நாளே சிக்கல். கார்பன் உருண்டைக்கு நாலு துளை, ஒவ்வொரு இரண்டுக்கும் நடுவே நூற்றொன்பதரை பாகை என்று தாள் சொன்னது. மில்லி கணக்குப் போட்டுப் பார்த்தாள். நாலு நூற்றொன்பதரை, நானூற்று முப்பத்தெட்டு. வட்டமோ முந்நூற்று அறுபதோடு முடிந்துவிடுகிறது. உடனே ஃபோனை எடுத்தாள்.

"சார், உங்க தாள் தப்பு. நாலு துளைன்னா தொண்ணூறுதான் வரும்."

பொறுப்பாளர் மெதுவாக, "அம்மா, அது தட்டு இல்ல, உருண்டை" என்றார்.

ஃபோனை வைத்த பிறகு மில்லிக்குக் காது சூடேறியது. இத்தனை வருடமாக உருண்டை கடைகிறவள், காகிதத்தில் வட்டம் போடுகிற மாதிரி யோசித்துவிட்டாளே. நாத்தனார் தூரிகையைக் கழுவிக்கொண்டே, "அண்ணி, அந்த ஆளு காலேஜ் பூரா சொல்லிச் சிரிச்சிருப்பாரு" என்று எரிகிற நெருப்பில் எண்ணெய் விட்டாள்.

மில்லி மூலையில் கிடந்த முக்காலியை எடுத்தாள். மூன்று காலும் வெளிப்பக்கம் சாய்ந்தது. அதன் நடுவில் ஒரு குச்சியை நேராக நிறுத்திப் பார்த்தாள். கீழே சாய்வாக மூன்று, மேலே ஒன்று. கால்களை இன்னும் கொஞ்சம் விரித்தால் நாலும் ஒன்றையொன்று ஒரே தூரத்தில் பார்த்துக்கொள்ளும். எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் அதே வடிவம். நாலு பேர் ஒரு உருண்டையின் மேல் முடிந்தவரை விலகி உட்கார்ந்தால் இப்படித்தான் உட்கார முடியும். நாலுக்கு இது என்றால் மூன்றுக்கு என்ன, ஐந்துக்கு என்ன என்று அவள் மனம் அதற்குள் ஓட ஆரம்பித்துவிட்டது.

அடுத்த வரியில் அம்மோனியா. நைட்ரஜனுக்கு மூன்று துளை, நூற்றேழு பாகை. அதற்கடுத்து தண்ணீர். ஆக்சிஜனுக்கு இரண்டு துளை, நூற்று நாலரை. இரண்டே பேர் என்றால் எதிரெதிரே நேராகப் போகலாமே, எதற்காக வளைந்து நிற்க வேண்டும்? கார்பன் டை ஆக்சைடில் இரண்டு துளையும் நேர் எதிர் என்றுதானே எழுதியிருக்கிறது?

மறுபடியும் ஃபோன். இந்த முறை, தப்பு என்று சொல்லாமல், "ஏன்?" என்று மட்டும் கேட்டாள்.

பொறுப்பாளர் குரல் மாறிவிட்டது. பத்தொன்பது வருடமாக அவர் அடுத்த அறையில் குடுவை கழுவிக்கொண்டே அதே பாடத்தைச் சுவர் வழியாகக் கேட்டவர். ஒப்பிப்பது போல, ஏற்ற இறக்கத்தோடு சொன்னார்.

"நடு அணுவோட வெளிக்கூட்டுல எத்தனை எலக்ட்ரான்னு பாக்கணும். எத்தனை அணு வந்து கை கோக்குதோ, அத்தனையைக் கழிக்கணும். மிச்சத்தை ரெண்டால வகுத்தா தனி ஜோடி. ஆக்சிஜனுக்கு ஆறு. ரெண்டு ஹைட்ரஜனுக்கு ரெண்டு போச்சு. மிச்சம் நாலு, அதாவது ரெண்டு ஜோடி. கை கோத்த ஜோடி ரெண்டு, தனி ஜோடி ரெண்டு, மொத்தம் நாலு ஜோடி. நாலும் ஒன்னையொன்னு தள்ளிக்கிட்டு விலகி நிக்கும்."

"அப்ப அங்க நாலு பேர் இருக்காங்க. ரெண்டு பேர் நம்ம கண்ணுக்குத் தெரியல."

"அதேதான். கார்பன் டை ஆக்சைடுல ஒவ்வொரு ஆக்சிஜனும் ரெண்டு கை கோக்குது, நடு கார்பனோட நாலும் அதுல போச்சு, தனி ஜோடியே கிடையாது. ரெட்டைப் பிணைப்பா இருந்தாலும் ஒரு திசை ஒரு ஆளுக்குச் சமம். ரெண்டே ஆளு, அதனால நேர் கோடு."

"சரி, தண்ணிக்கு நூத்தி ஒம்பதரை வரலியே. நூத்தி நாலரைதானே இருக்கு?"

"தனி ஜோடி கொஞ்சம் குண்டும்மா. கை கோத்த ஜோடியை ரெண்டு அணு ரெண்டு பக்கமும் பிடிச்சு இழுக்குது, அது ஒல்லியாப் போயிடும். தனி ஜோடியை ஒரே அணுதான் பிடிச்சிருக்கு. அது அங்கேயே பரந்து உக்காந்துக்கிட்டு மத்தவங்களை நெருக்கும்."

"இதையெல்லாம் நீங்க உருண்டையில செஞ்சு பாத்திருக்கீங்களா?"

"நான் எங்கே செய்ய? காதால கேட்டதோட சரி."

அன்றைக்கு மில்லி வேலையை ரசித்துச் செய்தாள். அம்மோனியா உருண்டையைக் கையில் எடுக்கும்போதே அதன் மேல் பக்கம் காலியாக இருப்பதைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். அங்கே ஒன்று உட்கார்ந்திருக்கிறது. துளை இல்லை, குச்சி இல்லை, ஆனால் அதுதான் மற்ற மூன்றையும் கீழே தள்ளுகிறது. நாத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"எனக்கு ஒன்னும் தெரியல அண்ணி. வழுவழுன்னு இருக்கு. உப்புத்தாள் நல்லாப் போட்டிருக்கீங்க."

வியாழக்கிழமை மதியம் பச்சை உருண்டைகளுக்கு வந்தார்கள். தாளில் கடைசிக்கு முந்தின வரி. நடுவில் குளோரின், சுற்றி மூன்று ஃபுளோரின். மூன்று துளை, நூற்றிருபது பாகை. அதற்கு மேல் வரியில் போரான், அதற்கும் மூன்று ஃபுளோரின், அதே நூற்றிருபது. உருண்டையைச் சாய்த்துப் பிடிக்கும் தாங்கியை ஒருமுறை சரி செய்துவிட்டால் நாற்பத்தெட்டு உருண்டையையும் ஒரே மூச்சில் முடித்துவிடலாம். மில்லி குளோரினில் தொடங்கினாள். கை பழகிப்போய், தன் போக்கில் வேலை செய்தது.

பதினொன்றாவது உருண்டையை எடுக்கும்போது, சும்மா இருந்த மனம் கணக்குப் போட்டது. இப்போதெல்லாம் அவளுக்கு அது ஒரு பழக்கமாகிவிட்டிருந்தது. போரானுக்கு வெளியே மூன்று எலக்ட்ரான், மூன்றும் கை கோத்துவிட்டது, மிச்சம் பூஜ்யம். தட்டையாக மூன்று பக்கம் நிற்பது சரி. குளோரினுக்கு ஏழு. மூன்று போனால் மிச்சம் நாலு. இரண்டு தனி ஜோடி. மொத்தம் ஐந்து.

அவள் எந்திரத்தை நிறுத்தினாள்.

"கரண்ட் போயிடுச்சா?" என்று உள்ளிருந்து நாத்தனார் கேட்டாள்.

"இல்ல. ஐஞ்சு பேர் இருக்காங்க."

"எங்க?"

மில்லி ஒரு கழிவு உருண்டையை எடுத்து ஐந்து ஆணியை அடித்தாள், பிடுங்கினாள், மறுபடி அடித்தாள். ஐந்து பேர் சமமாக விலகி உட்காரவே முடியவில்லை. கடைசியில் படிந்தது ஒன்றுதான். இடுப்பைச் சுற்றி மூன்று, மேலே ஒன்று, கீழே ஒன்று. இடுப்பில் இருப்பவர்களுக்குள் நூற்றிருபது பாகை. மேலும் கீழும் இருப்பவர்களுக்கும் இடுப்புக்காரர்களுக்கும் தொண்ணூறு. நாலு பேர் இருக்கும்போது எல்லா இடமும் ஒன்றுதான். ஐந்து பேர் வந்ததும் இடத்தில் உசத்தி தாழ்த்தி வந்துவிடுகிறது.

சரி, குண்டான அந்த இரண்டு தனி ஜோடியும் எங்கே உட்காரும்? முதலில் அவளுக்குத் தோன்றியது மேலும் கீழும். இரண்டு குண்டர்களும் ஒருவரையொருவர் பார்க்காமல் ஆளுக்கொரு கோடியில் இருந்துகொள்ளலாம். அப்படியானால் மூன்று ஃபுளோரினும் இடுப்பில், தட்டையாக, நூற்றிருபதில். தாளில் இருப்பது அதுதான். மில்லிக்கு அப்பாடா என்றிருந்தது. எந்திரத்தைப் போடக் கையை நீட்டினாள்.

நீட்டிய கை பாதியில் நின்றது. ஆணியடித்த உருண்டையை மறுபடி பார்த்தாள். மேலே இருக்கும் குண்டருக்கு, தொண்ணூறு பாகையில் இடிக்கிற பக்கத்து ஆள் மூன்று பேர். கீழே இருப்பவருக்கும் மூன்று. மொத்தம் ஆறு இடி. அந்த இருவரும் இடுப்புக்கு வந்துவிட்டால்? இடுப்பில் உட்கார்ந்தவருக்குத் தொண்ணூறில் இருப்பது மேல் ஆளும் கீழ் ஆளும் மட்டும். ஆளுக்கு இரண்டு, மொத்தம் நாலு. இரண்டு குண்டர்களுக்கும் நடுவே நூற்றிருபது இருக்கிறது, தாராளம். ஆறு இடியா, நாலு இடியா?

இடுப்பில் இரண்டு ஆணியைப் பிடுங்கினாள். மிஞ்சிய மூன்றையும் பார்த்தாள். மேலே ஒன்று, கீழே ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. படுத்துக் கிடக்கிற சுத்தியல் மாதிரி இருந்தது. ஆங்கில எழுத்து டி.

"சார்" என்றாள் ஃபோனில். "பச்சை உருண்டை வரி தப்புன்னு நெனைக்கிறேன்."

"போன தடவையும் இப்படித்தான் ஆரம்பிச்சீங்க" என்றார் பொறுப்பாளர்.

"போன தடவை நான் தட்டுல யோசிச்சேன். இப்ப உருண்டையிலதான் யோசிக்கிறேன்." ஆறு இடி, நாலு இடி எல்லாவற்றையும் சொன்னாள். பொறுப்பாளர் குரலைத் தாழ்த்தினார்.

"அந்தத் தாளை எழுதினது பேராசிரியை. பெரிய படிப்பு படிச்சவங்க. அவங்ககிட்டப் போய், பட்டறையில ஒரு அம்மா தப்புன்னு சொல்றாங்கன்னு நான் எப்படிச் சொல்றது?"

"நீங்க சொல்ல வேணாம். நான் வர்றேன்."

"எழுதினதை எழுதினபடி போட்டுட்டா உங்களுக்கும் தலைவலி இல்ல, எனக்கும் இல்ல."

"போட்ட துளையை அடைக்க முடியாது சார். இருபத்துநாலு பெட்டி. எத்தனை வருஷம் எத்தனை பிள்ளைங்க இதைப் பாத்துப் படிக்கும்?"

வெள்ளிக்கிழமை காலை அவள் பையில் இரண்டு உருண்டையோடு கிளம்பினாள். ஒன்று தாளில் இருந்தபடி. இன்னொன்று அவள் சொன்னபடி, தொண்ணூறு பாகையில் டி. ஐந்து ஆணியும் திரும்ப அடித்த கழிவு உருண்டையையும் கூடவே போட்டுக்கொண்டாள். நாத்தனார் வாசலில் நின்று, "அண்ணி, அவங்க சரின்னு சொல்லிட்டா என்ன பண்ணுவீங்க?" என்றாள்.

"எப்படி சரின்னு கேப்பேன்."

பேராசிரியையின் அறையில் நாற்காலி தவிர எல்லா இடத்திலும் புத்தகம் இருந்தது. பேராசிரியை மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு மேசை மேல் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தாள். பொறுப்பாளர் கதவருகே, எப்போது வேண்டுமானாலும் வெளியே நழுவத் தயாராக நின்றார். மில்லி வந்த காரியத்தைச் சொல்லாமல் இரண்டு உருண்டையையும் மேசையில் வைத்தாள்.

"குளோரினுக்கு இதுல எதுங்க மேடம்?"

பேராசிரியை தட்டையான உருண்டையைப் பார்த்தாள். டி உருண்டையைப் பார்த்தாள். நெற்றியிலிருந்த கண்ணாடி தானாகக் கீழே இறங்கி மூக்கில் வந்து நின்றது. டி உருண்டையைக் கையில் எடுத்து மெல்லச் சுழற்றினாள்.

"இதை யார் உங்களுக்குச் சொன்னது?"

"யாரும் சொல்லல. ஆறு இடி வருது, நாலு இடி வருதுன்னு எண்ணிப் பாத்தேன்." மில்லி ஆணியடித்த கழிவு உருண்டையையும் பையிலிருந்து எடுத்தாள். விரலால் ஒவ்வொரு ஆணியாகத் தொட்டுக் காட்டிச் சொல்லி முடித்தாள். நடுவில் இரண்டு இடத்தில் திக்கினாள். ஜோடி என்பதை ஆள் என்றே சொன்னாள்.

"என் தாளைக் கொடுங்க" என்றாள் பேராசிரியை கடைசியில். பொறுப்பாளர் நீட்டினார். அவள் அதை வாங்கிப் படித்ததும் முகம் சிவந்தது. "நான்தான் எழுதினேன். பஸ்ஸுல வரும்போது எழுதினது. போரான் வரியை எழுதிட்டு, அதே கையோட கீழேயும் அதையே எழுதிட்டேன் போலிருக்கு. பன்னெண்டு வருஷமா இதைப் பாடம் நடத்துறேன். தேர்வுல ஒரு பையன் இப்படி எழுதினா பூஜ்யம் போட்டிருப்பேன்."

கதவருகே பொறுப்பாளர் கூரையைப் பார்த்தார்.

"எத்தனை உருண்டை வீணாப்போச்சு?"

"ஒன்னும் வீணாகல. போரானுக்கும் இதே மூணு துளை, இதே பாகை. இன்னும் வர்ணம் பூசல. பச்சைக்குப் பதிலா வேற நிறம் அடிச்சா போரான் ஆயிடும்."

பேராசிரியைக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. ஒரு தடித்த புத்தகத்தை இழுத்துப் புரட்டி, ஒரு பக்கத்தில் விரலை வைத்தாள். "டிதான். ஆனா தொண்ணூறு இல்ல. எண்பத்தேழரை."

அதைக் கேட்டதும் மில்லிக்கு வந்தது சந்தோஷமா கவலையா என்று அவளுக்கே தெரியவில்லை. வடிவம் சரி, ஆனால் இரண்டரை பாகை உதைக்கிறது. இரண்டரை பாகை சின்ன விஷயமில்லை. குச்சி முனையில் போய்ப் பார்த்தால் மில்லிக் கணக்கில் தெரியும். அவள் டி உருண்டையை எடுத்து, துளை இல்லாத பக்கத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள். அங்கே இரண்டு குண்டர்கள் பக்கத்தில் பக்கத்தில். மேல் ஆளையும் கீழ் ஆளையும் இந்தப் பக்கமிருந்து தள்ளினால்...

"ரெண்டு பேரும் பின்னாலேர்ந்து தள்றாங்க" என்றாள் மெதுவாக. "மேல் குச்சியும் கீழ்க் குச்சியும் முன்பக்கமா, அந்த மூணாவது ஆள் பக்கம் கொஞ்சம் சாயுது. தண்ணியில நூத்தி ஒம்பதரை நூத்தி நாலரை ஆச்சே, அந்த மாதிரி."

"அந்த மாதிரியேதான்" என்றாள் பேராசிரியை. பிறகு, பரீட்சை வைக்கிற ஆசை யாரை விட்டது, "கந்தகம். சுத்தி நாலு ஃபுளோரின். என்ன வடிவம்?" என்றாள்.

மில்லி உருண்டையைத் தேடுவதற்குள் கதவுப் பக்கமிருந்து குரல் வந்தது.

"வெளிக்கூட்டுல ஆறு. நாலு போச்சு. மிச்சம் ரெண்டு, ஒரு தனி ஜோடி. மொத்தம் அஞ்சு." பொறுப்பாளர் பாடம் ஒப்பிக்கும் தன் ராகத்தில் தொடங்கி, நடுவில் ராகத்தை விட்டார். இரண்டடி முன்னால் வந்து ஆணி உருண்டையை எடுத்து, இடுப்பில் ஓர் ஆணியை ஆட்டிப் பிடுங்கினார். "தனி ஜோடி இடுப்புல உக்காரும். அப்ப இடுப்புல ரெண்டு, மேல ஒன்னு, கீழ ஒன்னு." உருண்டையைப் படுக்கவைத்தார். இரண்டு ஆணி கால் மாதிரி மேசையில் ஊன்றிக்கொண்டது. மற்ற இரண்டும் இடமும் வலமும் கை நீட்டின. "பார்க்குல பிள்ளைங்க ரெண்டு பக்கமும் உக்காந்து ஏறி இறங்கி ஆடுமே, அந்தப் பலகை மாதிரி."

பேராசிரியை அவரையே பார்த்தாள். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக இந்த மனிதர் அறைக்குள் நின்று பாடம் பேசுகிறார். "சரியா சொன்னீங்க" என்றாள். "உக்காருங்களேன்." உட்கார இடமில்லை. அவளே எழுந்து ஒரு நாற்காலியிலிருந்த புத்தகங்களைத் தரையில் இறக்கினாள்.

தன்னை முந்திக்கொண்டாரே என்று மில்லிக்கு உள்ளுக்குள் கொஞ்சம் கடுப்பு. அதைக் காட்டிக்கொள்ளாமல், "ஆறு பேர்னா சுலபம். மேல கீழ, நாலு பக்கம். ஏழு பேர் வந்தா?" என்று கேட்டாள்.

"ஏழுல கொஞ்சம் தகராறு" என்றாள் பேராசிரியை. "ஒரு மூலக்கூறு இடுப்புல அஞ்சு, மேல ஒன்னு கீழ ஒன்னுன்னு நிக்கும். இன்னொன்னு அப்படி நிக்காது. ஒரு வடிவத்துல நிலையா இல்லாம மாறிக்கிட்டே இருக்கும். இந்த எளிய விதியை வச்சு அங்கே அடிச்சுச் சொல்ல முடியாது."

"யாராலயும் முடியாதா?"

"கணினியில போட்டுப் பாக்குறாங்க. வாதமும் பண்றாங்க."

மில்லிக்கு அது பிடித்திருந்தது. இவ்வளவு பெரிய படிப்பு படித்தவர்களும் ஏழாவது ஆளை எங்கே உட்காரவைப்பது என்று தலையைச் சொறிகிறார்கள்.

அன்று மதியமே அவள் தாங்கியை இரண்டரை பாகை சாய்த்தாள். சாய்த்த பிறகு மூன்று தடவை கோணமானி வைத்து அளந்தாள். முதல் உருண்டையில் குச்சிகளைச் செருகி, மேலும் கீழும் ஒரே அளவு சாய்ந்திருக்கிறதா என்று ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகுதான் அடுத்ததைத் தொட்டாள். சனிக்கிழமை நாத்தனார் பச்சை பூசினாள். ஞாயிற்றுக்கிழமை காய்ந்தது. திங்கள் காலை இருபத்துநாலு பெட்டியையும் வேனில் ஏற்றிவிட்டு இருவரும் பட்டறையைக் கூட்டினார்கள்.

கூட்டி முடித்ததும் மில்லி ஒரு உருண்டையை எடுத்து ஏழு ஆணி அடிக்க உட்கார்ந்தாள். இடுப்பில் ஐந்து வைத்தாள். ஐந்து பேரும் தோளோடு தோள் உரசினார்கள். இடுப்பில் நாலாக்கி மேலே இரண்டு வைத்தாள். மேலே இருந்த இரண்டும் முட்டிக்கொண்டன. மூன்று, மூன்று, ஒன்று என்று வைத்தாள். அது கொஞ்சம் பரவாயில்லை போலத் தோன்றியது, பிறகு தோன்றவில்லை. பழைய கட்டில் கால் வேலை ஒன்று காத்திருந்ததால் உருண்டையை ஜன்னல் ஓரம் வைத்துவிட்டு லேத்துக்குப் போனாள்.

லேத் ஓடும் சத்தத்தில் நாத்தனார் வந்ததை அவள் கவனிக்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது நாத்தனார் ஜன்னலருகே நின்று, வர்ணக் கையோடு, உருண்டையை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி" என்றாள் நாத்தனார், தலையைத் தூக்காமலே. "இந்தப் பக்கம் ரொம்ப நெரிசலா இருக்கு. இந்த ஒருத்தனை மட்டும் கொஞ்சம் கீழ இறக்கினா என்ன?"

மில்லி லேத்தை நிறுத்திவிட்டு, குறடை எடுத்துக்கொண்டு போனாள்.